அம்மாவின் கம்மல்

அம்மா கம்மலைக் கழற்றிய நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 1994, மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. மறுநாள் காலை தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம். முந்தின நாள் சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து அம்மா கழற்றிப் பார்க்கிறாள், வரவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட ஏழுகல் கம்மல், திருகாணி இறுகிப்போயிருந்தது. அத்தை வந்து தேங்காய் எண்ணெய் விட்டு, சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகித் திருகி ஒருவழியாகக் கழற்றினார். அம்மா இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அழவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன், ஒருவகையில் அது உண்மையும்தான்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஆச்சி ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைப்பார், ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்கு, எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம், கொண்டுபோய்க் கொட்டுவார். அந்த வீட்டில் பிறந்த அம்மாவுக்குக் கிடைத்தது குடிக்கிற புருஷன். அப்பா நல்லவர், ஆனால் சம்பள நாள் என்றால் வீட்டில் எல்லோருக்கும் வயிறு கலங்கும். பாளையங்கோட்டைக்குக் குடிவந்த பிறகு பக்கத்துத் தெருவில் தகரக் கொட்டகையில் நடந்த ஒரு சின்ன பெந்தெகொஸ்தே சபைக்கு அம்மா போகத் தொடங்கினாள், ஆறு மாதம் கழித்து அப்பாவும் போனார், ஒரு முழு இரவு ஜெபத்தில் தரையில் விழுந்து அழுதார், அதற்குப் பிறகு சாகிற நாள்வரை ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சபை எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. அதை மறந்துவிட்டு நான் ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன்.

அதனால்தான், நகையைக் கழற்றவேண்டும் என்று பாஸ்டர் சொன்னபோது அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் புருஷனைத் திருப்பிக் கொடுத்த கர்த்தருக்கு இந்தக் கம்மலைக் கொடுக்க மாட்டேனா என்றாள். கம்மல், மெட்டி, வளையல், கடைசியாகத் தாலி. சிலுவை போட்ட தாலி அது, கோயிலில் வைத்துப் போதகர் ஐயர் ஜெபம்பண்ணி எடுத்துக்கொடுத்து அப்பா கட்டியது. எல்லாம் சேர்த்து ஆறு பவுன். சபைக் கட்டட நிதிக்குப் போனது.

வெறுங்காதும் வெறுங்கழுத்தும் நம் ஊரில் எதைச் சொல்லும் என்று விளக்கவேண்டியதில்லை. அம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, என்னையும் தம்பியையும் பார்த்துவிட்டு, 'ச்சு' கொட்டுவார்கள். ஊருக்குப் போனபோது ஆச்சி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இது என்ன கோலம் ஏட்டி" என்று அழுததை நான் பார்த்தேன். அம்மா வசனம் சொன்னாள். ஆச்சிக்கும் வேதம் தெரியும், ஆனால் அன்றைக்கு அவர் எதுவும் பேசவில்லை.

அந்த வசனம் 1 பேதுரு 3:3. 'மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு' வேண்டாம், அழியாத அலங்காரமாகிய சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி வேண்டும் என்று பேதுரு எழுதுகிறார். எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒருநாள் ஆராதனையில் இதை வாசிக்கக் கேட்டேன். எனக்கு முன்னால் நாற்பது பெண்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், நாற்பது பேருக்கும் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னின சடை. பொன்னுக்கு முன்னால் அந்த வசனத்தில் வருகிற முதல் வார்த்தையே மயிரைப் பின்னுவதுதான். 1 தீமோத்தேயு 2:9 இன்னொரு வசனம், அங்கேயும் பின்னல்தான் முதலில் வருகிறது. பின்னல் போடலாம், அது அந்தக் காலத்து ரோமப் பணக்காரப் பெண்களின் ஆடம்பரப் பின்னலைப் பற்றிச் சொன்னது என்று விளக்கம் கொடுத்தார்கள். சரி, நல்ல விளக்கம். அதே விளக்கம் அடுத்த வார்த்தையாக வருகிற பொன்னுக்கு ஏன் பொருந்தாமல் போகிறது என்று ஞாயிறு பள்ளி டீச்சரிடம் கேட்டேன். கேள்வி கேட்கிற ஆவி நல்லதல்ல என்று சொல்லி என் தலையில் கை வைத்து ஜெபித்தார்.

அதற்குப் பிறகு பல வருஷம் நான் வாய் திறக்கவில்லை, ஆனால் வாசிக்கத் தொடங்கினேன். ஆபிரகாமின் ஊழியக்காரன் கிணற்றடியில் ரெபெக்காளுக்குக் கொடுத்தது அரைச் சேக்கல் எடைக் காதணியும் பத்துச் சேக்கல் எடையில் இரண்டு கடகங்களும், கர்த்தர் வழிகாட்டினார் என்று ஸ்தோத்திரம் சொல்லி அவன் தலைகுனிந்து பணிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். எசேக்கியேல் 16ல் கர்த்தரே எருசலேமைப் பார்த்து, நான் உனக்குக் கடகம் போட்டேன், காதில் காதணி போட்டேன் என்கிறார். ஓரேப் மலையடியில் இஸ்ரவேலர் நகையைக் கழற்றினார்களே என்பார்கள். கழற்றினார்கள், பொன் கன்றுக்குட்டியைச் செய்த பாவத்துக்குத் துக்கம் கொண்டாடின நேரம் அது. கொஞ்ச நாளில் ஆசரிப்புக்கூடாரத்துக்குக் காணிக்கை கேட்டபோது அதே ஜனங்கள் அஸ்தகடகங்களும் காதணிகளும் மோதிரங்களும் கொண்டுவந்தார்கள் என்று யாத்திராகமம் 35 சொல்கிறது. நகையே அருவருப்பென்றால் அவர்கள் கையில் அது எப்படி இருந்தது?

இதில் எனக்கு மனசு அதிகமாக வலிப்பது வேறொரு இடத்தில். எங்கள் முன்னோர் கதை அது. பழைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பக்கம், ஒடுக்கப்பட்ட சாதியார் பொன், வெள்ளி நகை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. பெண்கள் மாரை மறைக்கக்கூடாது. சுவிசேஷம் கேட்ட பெண்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று மேலாடை உடுத்தியது. அதற்காக அடி வாங்கினார்கள், துணியைச் சந்தையில் கிழித்தார்கள், கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள், கடைசியில் 1859ல்தான் அரசாங்கம் இறங்கிவந்து உத்தரவு போட்டது. உன் உடம்பில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று யாரோ ஒருவர் தீர்மானித்த காலத்திலிருந்து விடுதலையாகி வந்த ஜனங்கள் நாங்கள். இயேசு சொன்ன கதையில் கெட்ட குமாரன் திரும்பி வந்தபோது தகப்பன் அவன் கைக்கு மோதிரமும் கால்களுக்குப் பாதரட்சையும் போடச் சொன்னார் என்று முதன்முதலாகக் கேட்டபோது, மோதிரமும் செருப்பும் மறுக்கப்பட்ட அந்த ஜனங்களின் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். அப்படிப்பட்டவர்களின் பேத்திகளிடம் மறுபடியும் கழற்று என்கிறோம், இந்தத் தடவை கர்த்தர் சொன்னார் என்று சொல்லி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு ஏழைப் பெண்ணுக்கு நகை வெறும் அலங்காரம் கிடையாது. பாங்க் அவளுக்குத் தெரியாது, நிலம் அவள் பெயரில் இராது, காதிலும் கழுத்திலும் இருப்பதுதான் அவள் கையிருப்பு. தம்பி பாலிடெக்னிக் சேர்ந்த வருஷம் அடகு வைக்க வீட்டில் ஒரு குண்டுமணிப் பொன் இல்லை. அம்மா வட்டிக்கு வாங்கினாள். அதை அடைக்க ஐந்து வருஷம் ஆனது.

சரி, நகையோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருந்தார். தையல் வேலை, நல்ல குரல், பாட்டுக் குழுவில் முன்வரிசை. அவருக்கு சுகர். மாத்திரை சாப்பிடக்கூடாது என்று எங்கள் சபையில் எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது, இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது. சட்டம் வேறு விதமாக வரும். சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்து, நான் மாத்திரையை விட்டுவிட்டேன், கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்பார், சபை முழுக்கக் கைதட்டும், அல்லேலூயா சொல்லும். மாத்திரை சாப்பிடுகிறவர் உட்கார்ந்திருப்பார். அப்புறம் ஒரு பிரசங்கத்தில் 'அரைகுறை விசுவாசம்' என்று ஒரு வார்த்தை வரும், பாஸ்டர் யாரையும் பார்க்கமாட்டார், ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள். பாட்டுக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது விசுவாசத்தில் உறுதியானவர்களாக எடுப்பார்கள். அவ்வளவுதான். யாரும் எதையும் தடுக்கவில்லை.

அக்கா மாத்திரையை உளுந்து டின்னுக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் சமையல்கட்டு வரை வருவார்களே, அதனால். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசா ராஜாவைப் பற்றிப் பிரசங்கம். 2 நாளாகமம் 16. ஆசாவுக்குக் கால்களில் வியாதி வந்தது, அவன் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே, அதாவது வைத்தியர்களையே, தேடினான், செத்துப்போனான். அக்கா வீட்டுக்குப் போய் மாத்திரையை எடுத்துக் குப்பையில் போட்டார். சில மாதத்தில் அவர் காலில் செருப்பு கடித்த ஒரு சின்னப் புண், அது ஆறவில்லை. எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். நாற்றம் வந்த பிறகுதான் அவருடைய அண்ணன், சபைக்கு வராதவர், தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். இரண்டு விரலை எடுத்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது அந்த அக்கா சொன்னது: "விரல் போனது போகட்டும் பாப்பா. எனக்கு விசுவாசம் இல்லைன்னு கர்த்தருக்குத் தெரிஞ்சுபோச்சே, அதுதான் தாங்கல."

எனக்கு எழுதவேண்டியது மொத்தமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மனிதர் வைக்கிற கட்டுப்பாடு எல்லா இடத்திலும் இருக்கிறது, சங்கத்தில் இருக்கிறது, ஆபீஸில் இருக்கிறது, மாமியார் வீட்டில் இருக்கிறது. அதை மீறினால் மனிதர் கோபப்படுவார்கள், அத்தோடு போச்சு. சபை ஒரு கட்டுப்பாட்டை உண்டாக்கி அதன் அடியில் கர்த்தரின் கையெழுத்தைப் போடும்போது, அதைச் சுமக்க முடியாதவர் யாரிடம் போய் அழுவார்? தப்பி ஓடி ஒளிந்துகொள்ள வேண்டிய அடைக்கலமே அவரைக் குற்றவாளியாகப் பார்க்கிறது என்று நம்புகிறார். விரல் அறுந்த வலியில்கூட அந்த அக்காவால் கர்த்தரிடம் போகமுடியவில்லை. எனக்கு அதைவிடக் கொடுமையாக எதுவும் தெரியவில்லை.

ஆசாவின் கதையை முழுசாக வாசித்தால் அந்த அதிகாரம் எதைப் பற்றியது என்று தெரியும். அவன் கர்த்தருடைய ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியா ராஜாவுக்கு அனுப்பி உடன்படிக்கை பண்ணுகிறான், அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் போடுகிறான், ஜனங்களில் சிலரைக் கொடுமையாக நடத்துகிறான். கர்த்தரை விட்டு விலகிக்கொண்டே வந்தவன் வியாதியிலும் அவரைத் தேடவில்லை என்பதுதான் அங்கே உள்ள துக்கம். டாக்டரிடம் போனது பாவமென்றால், எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்ன ஏசாயா தீர்க்கதரிசியை என்ன செய்வது? அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று தீமோத்தேயுவுக்கு எழுதின பவுலை என்ன செய்வது? அவரோடு கூடவே அலைந்த லூக்காவைப் 'பிரியமான வைத்தியன்' என்றுதான் அவர் எழுதுகிறார். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். 'நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்' என்ற வசனம் அந்த அக்காவின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது, இன்றைக்கும் நான் அதை முழுமனதோடு விசுவாசிக்கிறேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் முழங்கால்தான் போடுவேன். அப்புறம் பாராசிட்டமால் கொடுப்பேன்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இப்படி மருந்துக்குப் பயப்படுவது என்னால் தாங்கமுடியாத காரியம். நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்கியது 1838ல். வேலூரில் அமெரிக்க மிஷனரி ஐடா ஸ்கடர் 1900ல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் பிற்பாடு சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஆனது. அவர் டாக்டருக்குப் படிக்கப் போன காரணத்தை நம்மில் பலர் ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்போம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்களின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள், ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்பது அந்தந்த வீட்டுக் கட்டுப்பாடு, பெண் டாக்டர் இல்லை, மூன்று பேரும் செத்துப்போனார்கள். இந்தக் கதையைக் கண்ணீரோடு சொல்லிக்கொடுக்கிற நாமே, இன்னொரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு, இன்னொரு பெண்ணின் காலை அழுகவிட்டோம்.

தசமபாகத்தைப் பற்றிப் பேசினாலே சண்டை வரும், வரட்டும். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற ஒரு விதவை அக்கா, இரண்டு பிள்ளைகள். நாள் முழுக்க முறமும் மடியுமாக உட்கார்ந்து ஆயிரம் பீடி சுற்றினால்தான் கூலி. அவர் பெயர் எழுதின கவர் மாதாமாதம் வரும், அதில் பத்தில் ஒன்று போட்டுக் கொடுக்கவேண்டும், யார் யார் கொடுத்தார்கள் என்று போர்டில் ஒட்டுவார்கள். ஒரு மாதம் அவர் பெயர் வரவில்லை. அந்த மாதமே சின்னவனுக்கு டைபாய்டு. 'பட்சிக்கிறவனுக்குக் கதவைத் திறந்துவிட்டீர்கள்' என்று ஒருவர் சொன்னார். மல்கியா 3, தசமபாகம் கொடுத்தால் பட்சிக்கிறவனைக் கண்டிப்பேன் என்று கர்த்தர் சொல்கிற அதிகாரம். அந்த அக்கா பிள்ளையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என் பிள்ளையை நான்தான் படுக்கப்போட்டேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டதை அம்மா வந்து சொன்னாள். சொல்லும்போது அம்மாவின் குரலில் முதல்முறையாக ஏதோ ஒன்று மாறியிருந்தது.

உபாகமம் 14ஐ எடுத்து வாசியுங்கள். தசமபாகம் தானியத்திலும் திராட்சரசத்திலும் எண்ணெயிலும் கொடுப்பது, அதைக் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருஷத்தின் முடிவிலோ அதை உங்கள் வாசல்களில் வையுங்கள், லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடையட்டும் என்கிறது. அப்படியானால் அந்த பீடி அக்கா தசமபாகத்தை வாங்கவேண்டியவர். அவரிடமிருந்து நாம் வசூலித்தோம். ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி வருஷத்துக்கு நாலு பிரசங்கம் கேட்கிறோம், அது மாற்கு 12ன் கடைசியில் இருக்கிறது, அதற்குச் சற்று மேலே 40ஆம் வசனத்தில் இயேசு விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் சேர்த்து ஒருவராவது பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆச்சியின் கைப்பிடி அரிசிக்குக் கணக்கு கிடையாது, போர்டு கிடையாது, ஒருநாள் அரிசி குறைவாக இருந்தால் கைப்பிடியும் சின்னதாகிவிடும், ஆச்சி அதற்காக ஒரு நாளும் பயந்ததில்லை. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று பவுல் 2 கொரிந்தியர் 9ல் எழுதினது இதைத்தான் என்று நினைக்கிறேன். கொர்பானைப் பற்றி இயேசு சொன்னது மாற்கு 7ல் இருக்கிறது, தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்களிடம் அவர் பேசினது. பிள்ளையின் ஃபீஸையும் அம்மாவின் பிபி மாத்திரைக் காசையும் விசுவாச வாக்குறுதிக் கவரில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டங்களைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ஆராதனை, மாலை சுவிசேஷக் கூட்டம், செவ்வாய் வீட்டு ஜெபம், புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், மாதத்தில் ஒரு முழு இரவு. நைட் டியூட்டி பார்த்துவிட்டு வருகிற நர்ஸும், கைக்குழந்தைக்காரியும், படுத்த படுக்கையான மாமியாரைக் குளிப்பாட்டுகிறவளும் ஒரு வாரம் வராவிட்டால் 'சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல' என்று எபிரெயர் 10:25 வீடு தேடி வரும். அதற்கு முந்தின வசனம் அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஒருவரையொருவர் ஏவும்படி கவனியுங்கள் என்கிறது. அந்த மாமியாரைக் குளிப்பாட்ட யாராவது ஒரு கை கொடுத்தார்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

இப்படியெல்லாம் பேசினால், ஒழுங்கு இல்லாவிட்டால் சபை கெட்டுப்போகும், உலகம் உள்ளே வந்துவிடும் என்பார்கள். பாஸ்டர் ஐயா என்னிடம் அதைத்தான் சொன்னார், அவர் நேர்மையான மனிதர், எங்கள் அப்பாவுக்காக இரவெல்லாம் கண்விழித்து ஜெபித்தவர், தான் கேட்டு வளர்ந்ததை எங்களுக்குச் சொன்னார், அவர் வீட்டிலும் யார் காதிலும் பொட்டுப் பொன் கிடையாது. அவருக்கு நான் பதில் சொன்னேன், கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் சொன்னேன். அப்பா குடியை விட்டது வேதத்தில் தெளிவாக இருக்கிற காரியம், மதுபானவெறி கொள்ளாதிருங்கள் என்று எழுதியிருக்கிறது, அதைச் சபை சொன்னபோது அப்பாவின் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, எங்கள் தோளிலிருந்தும் இறங்கியது. கம்மலையும் மாத்திரையையும் கவரையும் சொன்னபோது பாரம் ஏறியது. ஐயா, ரெண்டும் ஒரே இடத்துல இருந்து வந்திருக்குமா என்று கேட்டேன். அவர் நான் விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்தில் போய்விடக்கூடாது என்று ஜெபித்தார். நான் அடுத்த வருஷம் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன்.

இதே கேள்வி கிறிஸ்தவம் பிறந்து இருபது வருஷத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அப்போஸ்தலர் 15. புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகள் விருத்தசேதனம் பண்ணவேண்டும், மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் இரட்சிப்பில்லை என்று சிலர் கிளம்பினார்கள். அது வேதத்தில் இல்லாத காரியம்கூட இல்லை, கம்மல், மாத்திரை மாதிரி இல்லை, ஆதியாகமத்திலிருந்தே இருக்கிற கட்டளை. அதற்கே பேதுரு எழுந்து, நம்முடைய பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தடியை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டார். நீண்ட தர்க்கம் நடந்தது. கடைசியில், அவசியமான நாலு காரியத்தைத் தவிர வேறு பாரம் எதையும் உங்கள்மேல் சுமத்தமாட்டோம் என்று அந்தியோகியா சபைக்கு ஒரு கடிதம் எழுதி ஆளனுப்பினார்கள். அந்தியோகியாவில் அதை வாசித்தபோது என்ன நடந்தது என்று 31ஆம் வசனம் சொல்கிறது, அந்த ஆறுதலுக்காகச் சந்தோஷப்பட்டார்கள். சபை மூப்பர்களிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது, வாசித்து முடித்ததும் ஜனங்கள் மூச்சு விடுகிறார்கள். அப்படி ஒரு கடிதம் எங்கள் தகரக் கொட்டகைக்கு வந்திருக்கக்கூடாதா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

என் மூத்தவளுக்குக் காது குத்தின அன்று அம்மா வரவில்லை. முதுகு வலி என்றாள். தம்பி வந்து மடியில் வைத்துக் குத்தினோம், நான் அம்மாவை எதுவும் கேட்கவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடு சென்னைக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் மத்தியானம், கரண்ட் இல்லாத நேரம், விசிறிக்கொண்டே அவளாகச் சொன்னாள். ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒரு வருஷம் தினமும் ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு துடைப்பத்திலிருந்து ஈர்க்கு ஒடித்துக் காது ஓட்டையில் செருகிக்கொண்டுதான் படுப்பாளாம், தூர்ந்துவிடக்கூடாது என்று. விடியுமுன்னே எழுந்து எடுத்து அடுப்பில் போட்டுவிடுவாளாம். "கர்த்தர் பாத்துட்டுத்தானே இருப்பாருன்னு பயம். செருகும்போதெல்லாம் மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுத்தான் செருகுவேன்." ஒரு வருஷம் கழித்து அதையும் விட்டுவிட்டாள், காது தூர்ந்துபோனது.

முந்நூற்றுச் சொச்சம் ராத்திரி. பக்கத்து அறையில் நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து அப்போஸ்தலர் 15 வாசித்தோம். அம்மாவுக்குக் கண் மங்கல், நான் வாசிக்க அவள் கேட்டாள். 31ஆம் வசனத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை வாசி என்றாள். வாசித்தேன். அவள் வேறொன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் காப்பி போட்டாள்.

போன கிறிஸ்துமஸ் லீவில் சின்னவளுக்குக் காது குத்தவேண்டியிருந்தது. நானும் வாரேன் என்று அம்மா காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆசாரி கடையில் பிள்ளை பயத்தில் என் கையை விட்டுவிட்டுப் பாட்டியின் மடியில் ஏறிக்கொண்டது. குத்தி முடித்ததும் ஆசாரி அம்மாவின் காதைப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கும் குத்திரலாமா, தூர்ந்துதான் இருக்கு, லேசா ஒரு புள்ளி வெச்சாப் போதும்" என்றார். அம்மா காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அன்றைக்கு வாசல்படியில் தொட்டுப் பார்த்த அதே மாதிரி.

"எனக்கு வேண்டாம் தம்பி," என்றாள். "இந்த வயசுக்கு மேல ஆசை இல்ல. நான்தான் சொல்றேன், வேண்டாம்னு."

பிள்ளை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது. அம்மா அதன் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, புதுக் கம்மலில் முடி சிக்காமல் ஒதுக்கிவிட்டாள்.